பன்னிரண்டு விரற்கடை

மலையடிவாரத்து ஊர் ஒன்றிலே, எந்தக் காலமென்று யாருக்கும் நினைவில்லை, நாச்சிமுத்து என்று ஒரு வைத்தியர் இருந்தாராம். அவருடைய சீடன் மாரப்பன். நாற்பது வயசுக்காரன். வரும் நோயாளிகளை வாசலில் நின்று முதலில் பார்ப்பது அவன் வேலை.

ஊர்த் திருவிழாவான நோம்பி மூன்று நாள். தினமும் கெடா வெட்டு உண்டு; முதல் நாள் கறி தின்றால், மறுநாள் பாதி ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். அன்றும் வந்தது. ஒருவர் மாரப்பனின் துண்டைப் பிடித்து இழுத்தார்.

"மருந்து குடுக்கறியா, இல்ல சும்மா மரமாட்டம் நிக்கறியா?"

மாரப்பன் துண்டை மெல்ல விடுவித்துக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தான். மத்தியானம் உள்ளே வந்தான்.

"உத்தரவு குடுங்க. எங்க ஊருக்கே போறேனுங்க. தோட்டங்காட்டு வேலை செஞ்சு பொழைச்சுக்கறேன்."

"ஏனப்பா?"

"எல்லாரு கோவமும் எம்மேலதான் கொட்டுது. உள்ள வெந்து போச்சுங்க."

வைத்தியர் அவனை அருகே உட்காரச் சொன்னார். வெட்டிய கெடாவின் இரைப்பையும் குடலும், ஈரலும் பித்தப்பையும் ஒட்டியபடியே, முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும். நோய் இருக்கிறதா என்று அவர் பார்த்த பிறகே சட்டிக்குப் போகும். அன்றைக்கு வந்தது வாழையிலையில் இருந்தது.

செம்பருத்தி இதழ் தேய்த்து ஊதாவாகியிருந்த துணித்துண்டை இரைப்பையின் கடைசி அறைக்குள் ஒற்றினார். துணி சிவந்தது.

"புளிப்புங்க," என்றான் மாரப்பன்.

"கறியவே கரைக்கிற புளிப்பு. அது அடுத்து எங்க போய் விழும்?"

"முன்சிறுகுடல்லீங்க. மனுசனுக்குப் பன்னண்டு விரற்கடை நீளம். கணையத்தக் கட்டிப் பிடிச்சாப்பல வளைஞ்சிருக்கும்."

"அத்தனை மெல்லிசு. அது ஏன் வேகல?"

"தாங்கிக்குதுங்க. பொறுமைதான்."

வைத்தியர் சிரித்தார். வளைவு தாண்டிக் கொஞ்சம் கீழே குடலைக் கீறி இன்னொரு துண்டை ஒற்றினார். அது சிவக்கவில்லை.

மாரப்பன் குனிந்தான். குடலின் உள்சுவரில் கடுகளவு ஒரு மேடு. வைத்தியர் பித்தப்பையை மெல்ல அமுக்கினார். மேட்டின் நுனியில் பச்சையாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"அட! பித்தநீரு இந்த வழியாத்தான் வருதுங்களா?"

"கணையத்து நீரும் இதே வழிதான். ரெண்டும் சேந்து புளிப்ப முறிச்சிரும். புளிப்பு வந்து பட்டதும் இந்தக் குடலு ரெண்டு பேருக்கும் ஆள் அனுப்பிரும். இரைப்பைக்கும் ஒரு சேதி போகும்."

"என்னன்னுங்க?"

"மெதுவா விடுன்னு."

மாரப்பன் அந்தக் கடுகு மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு சின்ன இடம்! வெளியே கூச்சல் ஏறியது.

"மாரப்பா, காலையில இருந்து என்னை எத்தன தடவ கூப்பிட்ட?"

மாரப்பன் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"நில்லுங்க! ஒவ்வொருத்தரா வாங்க!" என்று அவன் சத்தம் கேட்டது. கூச்சல் அடங்கியது. கொஞ்சம் பொறுத்து, "ஐயா, இந்தப் பெரியவருக்கு நீங்க வந்தாத்தானுங்க ஆகும்!"

"இதா வந்துட்டேன்," என்று வைத்தியர் எழுந்து போனார்.