சீட்டைத் தொடாதே

காரைப் பள்ளத்தில் விட யாருக்கும் வரும். அந்தப் பழியை நிமிஷத்தில் அடுத்தவன் தலையில் கட்ட, சேர்மன் பிரமநாயகத்துக்குத்தான் வரும்.

"இந்தத் தடிமாடு தாவீதுதான் விட்டான். கார் மேலே வந்ததும் இவனுக்கு வேலை கிடையாது" என்று ரோட்டோரம் கூடியவர்களிடம் சொன்னார். பனைமரம் போல் உயர்ந்த டிரைவர் தாவீது தலையைக் குனிந்துகொண்டான்.

ரெக்கவரி வண்டியோடு வந்த இசக்கிமுத்துவையும் அவர் விடவில்லை. "ஒரு கீறல் விழக் கூடாது. விழுந்தா உன் வண்டி இந்தப் பக்கமே ஓடாது."

இசக்கிமுத்து காருக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு பின்பக்கக் கொக்கியில் இரும்புக் கயிற்றை மாட்டினான்.

"விழுந்த தடத்திலேயே பின்னால இழுத்தா கீறல் விழாது, அண்ணாச்சி. உள்ளே ஒருத்தர் ஸ்டியரிங்கை நேராப் பிடிக்கணும். ஓட்டினவரே உட்காரட்டும்."

தாவீது ஏறப் போனான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பாதி உடம்புகூட உள்ளே போகவில்லை. சீட்டைப் பின்னால் தள்ளக் கையை விட்டான்.

"சீட்டைத் தொடாதே! கார் சாஞ்சு கிடக்கு. விழுந்தப்ப எப்படி உட்கார்ந்து ஓட்டினியோ, அப்படியே உட்காரு" என்று தடுத்தான் இசக்கிமுத்து.

"முடியலையே, அண்ணே!"

கூட்டம் சீட்டைப் பார்த்தது. அப்புறம் குட்டையான சேர்மனைப் பார்த்தது. ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க கொஞ்சம் உட்கார்ந்து பாருங்களேன்" என்றான் இசக்கிமுத்து, பணிவாக.

வேறு வழியில்லை. ஏறினார். அளவெடுத்துத் தைத்த சட்டை போலச் சீட்டு பொருந்தியது. கார் கீறலில்லாமல் மேலே வந்தது.

சேர்மன் இறங்கி வேட்டியை உதறினார்.

"ரோடே சரியில்லை. தாவீது, நீயே ஓட்டு."