பல்வலிக்குச் சொந்தக்காரர்

முன்னொரு காலத்தில், தனக்குத் தலை வலித்தால் நாடே தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கும் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒருநாள் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது. அரண்மனை வைத்தியர் திருமேனிநாதர் முத்துப் பஸ்மம் கொடுத்துப் பார்த்தார். கன்னம் பூசணிக்காயாக வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் அரசவை விகடகவி சடைக்கன், கோட்டைக்கு வெளியே நிற்கும் கருவேல மரத்தில் கொஞ்சம் பட்டை சீவி வந்து, கஷாயம் வைத்துக் கொப்பளிக்கச் சொன்னான். ஊரில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். பொழுது சாய்வதற்குள் ராஜா முறுக்குக் கேட்டார்.

வைத்தியருக்கு வயிறு எரிந்தது. மன்னரின் திருவாயில் பட்ட மருந்து கண்டவர் வாயிலும் படலாமா என்று தூபம் போட்டார். ராஜாவும் தலையாட்டினார். வைத்தியரே ஆணையை எழுதிக் கொடுக்க, தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள்:

"மன்னரின் பல்வலியைச் சேர்ந்த மரம், பட்டை, கஷாயம் முதலிய சகலமும் இனி மன்னருக்கே சொந்தம். வேறு எவர் வைத்திருந்தாலும் கசையடி."

மறுநாளே உப்பு விற்கும் பேச்சி, மடியில் ஒரு துண்டுப் பட்டையோடு பிடிபட்டாள். சடைக்கன் சிறைக்குப் போய்ப் பார்த்தபோது, பல்வலியில் அவளால் வாயைச் சரியாகத் திறக்கக்கூட முடியவில்லை.

"கஞ்சிகூட எறங்கல சாமி. எப்பவும் சீவுற மரந்தானேன்னு சீவுனேன். அதுக்கா அடிப்பாக?"

சடைக்கனுக்கு ரத்தம் கொதித்தது. ராஜாவுக்கு அந்தப் பட்டையைக் கொண்டு வந்தவனே அவன்தானே. என்ன ஆனாலும் அவள்மேல் ஓர் அடி விழ விடுவதில்லை என்று முடிவு செய்தான்.

கசையடிக்குக் குறித்த நேரத்தில் அவன் சபைக்குள் நுழைந்தான். பின்னால் கன்னம் வீங்கிய ஒரு கூட்டமே முனகிக்கொண்டு வந்தது. சடைக்கன் அன்று கும்பிடவில்லை.

"யார் இவர்கள்?" என்றார் ராஜா.

"திருடர்கள், மகாராஜா. தங்கள் சொத்தான பல்வலியை அனுமதியில்லாமல் வைத்திருக்கிறார்கள்."

இது என்ன உளறல் என்று வைத்தியர் எழுந்தார். ஆணையை அவரையே உரக்க வாசிக்கச் சொன்னான் சடைக்கன். 'சகலமும்' என்ற இடம் வந்ததும் வைத்தியர் ஆணையைச் சுருட்டப் பார்த்தார்.

"மரம் மன்னருடையது, பட்டை மன்னருடையது. வலி மட்டும் குடிகளுடையதா? பேச்சியை அடிப்பதென்றால் இவர்களையும் அடியுங்கள், இவர்களைக் கூட்டி வந்த என்னையும் அடியுங்கள். ஆனால் அதற்கு முன் சொத்தைப் பறிமுதல் செய்யுங்கள். இத்தனை பேருடைய வலியையும் தாங்களே வாங்கி அனுபவியுங்கள். முடியாதென்றால் மரத்தை விட்டுவிடுங்கள்."

ராஜா அந்த வீங்கிய கன்னங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருடைய கை தானாகவே தம் கன்னத்துக்குப் போனது. அது அங்கே போனது தெரிந்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஆணை அங்கேயே கிழிந்தது. பேச்சி விடுதலையானாள். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கஷாயம் வைத்துக் கொடுக்கும் வேலை திருமேனிநாதருக்குக் கிடைத்தது. ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் சடைக்கன் கழுத்தில் போட்டார்.

"எனக்குக் கோபம் வந்திருந்தால் இந்தத் தலை போயிருக்குமே, யோசித்தாயா?"

"யோசித்தேன், மகாராஜா. தலை போனால் பல்வலியும் கூடவே போய்விடும். பட்டைக்காகத் தங்களிடம் வந்து நிற்க வேண்டியதில்லை."