கோணமடையில் எட்டு மணி ஆகவில்லை

எங்கள் கோணமடைக்கு அறிவைப் பங்கு வைத்துக் கொடுக்க ஒருவர் வந்தாராம். வரிசையில் முதலில் யார் நிற்பது என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அப்படிப்பட்ட ஊரில் அய்யாக்கண்ணுவுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது.

பெண்ணின் அப்பா எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர். "உங்க வீடு, தாய்மாமன் வீடு, பெரியப்பா வீடு, மூணு கடிகாரமும் ஒத்து எட்டு காட்டுனதும் சேர்ந்து கிளம்பி வாங்க. ஒன்பது மணி முகூர்த்தம் தவறுச்சுன்னா முறைமாமன் தயாரா இருக்கான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பூவாத்தா என்று அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாலே அய்யாக்கண்ணுவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். இந்தப் பெண்ணையும் விட்டால் தனக்கு வேறு கதி இல்லை என்று அவனுக்கே தெரியும்.

காலையில் அய்யாக்கண்ணு, மாமா, பெரியப்பா மூவரும் அவரவர் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் களத்துமேட்டில் கூடினார்கள். அவன் கடிகாரம் ஏழரை, மாமாவுடையது ஏழு நாற்பது, பெரியப்பாவுடையது ஏழு ஐம்பது.

"ஆளுக்கொரு வீட்டைப் பாத்துத் திருத்திக்குவோம்" என்றார் பெரியப்பா.

"போய் வர்றதுக்குள்ள மணி ஓடிப்போச்சுன்னா?" என்று கவலைப்பட்டார் மாமா.

"பெண்டுலத்தைக் கயித்துல கட்டிட்டுப் போவோம் மாமா" என்றான் அய்யாக்கண்ணு. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

கட்டினார்கள். அவன் மாமா வீட்டுக்கும், மாமா பெரியப்பா வீட்டுக்கும், பெரியப்பா அவன் வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து அவரவர் முள்ளைத் திருத்தினார்கள். மறுபடி கூடிப் பார்த்தால், வித்தியாசம் அப்படியே இருந்தது, வீடு மட்டும் மாறியிருந்தது. விடுவார்களா? ஏழு தடவை நடந்தார்கள். பட்டு வேட்டியெல்லாம் புழுதி.

"வெயில் உச்சிக்கு வந்துருச்சே மாமா?"

"சூரியனுக்கென்ன மாப்ளே, ஒத்தை ஆளு, இஷ்டத்துக்கு ஓடுது. நாம மூணு பேரு ஒத்துப்போக வேணாமா?"

அது நியாயமாகத்தான் பட்டது. எட்டாவது தடவை கிளம்பும்போது பெண் வீட்டு ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பூவாத்தா கழுத்துல தாலி ஏறிருச்சுப்பா. முறைமாமனே கட்டிட்டான்."

அய்யாக்கண்ணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எத்தனை மணிக்குங்க?"

"சரியா ஒன்பதுக்கு."

வீட்டுக்கு ஓடிக் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு நாற்பது. முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தான்.

"மாமா, நல்லவேளை! அவளுக்குக் கல்யாணம் ஆக இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருக்கு. யாரும் கயித்தை அவுத்துடாதீங்க!"