நாச்சிமுத்துவின் புதுச் சைலன்சர்

"மைலேஜ் கூடும்னு சொல்லித்தானுங்க மாட்டுனான். இப்பப் பாத்தா குறைஞ்சு போச்சு. அது எப்படீங்க அம்மணி?"

நாச்சிமுத்து கேட்டார். சாரதாமணி குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

பல்லடத்துக்குத் தெற்கே, உடுமலை ரோட்டில், வேப்பமரத்தடியில் சைலன்சர் பட்டறை வைத்திருப்பவள் சாரதாமணி. அவளுக்கு முப்பத்தாறு வயது, நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரையும் போல அவரும் அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார். டிரைவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் வாத்தியாரம்மா.

அவளிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அவசரக்காரர்கள் வேறு பட்டறை பார்த்துக்கொள்வார்கள்.

"ஸ்டார்ட் பண்ணுங்கண்ணா," என்றாள்.

பழைய பிக்கப் வண்டி. சாவியைத் திருப்பியதும் அது உறுமிய உறுமலில் எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சத்தம் எப்படீங்க?"

"சத்தத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாதுங்க," என்றார் நாச்சிமுத்து. அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கமும் வந்தது. மேடேறும்போது அந்தச் சத்தம் கேட்டால் தனக்கு மறுபடி முப்பது வயது ஆகிவிடுகிறது என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார்.

பதினோரு வருடமாக அவர் முட்டை பொரிக்கும் ஹேச்சரியிலிருந்து பண்ணைகளுக்குக் கோழிக்குஞ்சு ஏற்றுகிறார். பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குஞ்சுகள், பெட்டிக்கு நூறு, நாற்பது பெட்டி. வழியில் ஏழெட்டு இடத்தில் வண்டியை நிறுத்துவார். இறங்கி, தார்ப்பாயைக் கொஞ்சம் ஏற்றுவார், இல்லாவிட்டால் இறக்குவார், மறுபடி ஏறிக்கொள்வார். ஏன் இப்படி நின்று நின்று போகிறாய், சர்க்கரை வியாதியா என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவருக்கே அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது. நிறுத்தத் தோன்றும், நிறுத்துவார்.

ஒரு மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரன் பேச்சில் மயங்கிப் புதுச் சைலன்சர் மாட்டிக்கொண்டார். புகை தடையில்லாமல் போகும், எஞ்சின் லேசாகும், டீசல் மிச்சமாகும் என்று அவன் அளந்தான். பழையதைத் தூக்கி எறிய மனசு வராமல் கேபின் மேல் கேரியரில் கட்டி வைத்திருந்தார். அப்புறம் அவர் வழியில் எங்கும் நிற்பதில்லை. அரை மணி முன்னாலேயே பண்ணைக்குப் போய்விடுகிறார். அதிலும் அவருக்குப் பெருமைதான்.

ஆனால் மைலேஜ் பதினாலிலிருந்து பதினொன்றரைக்கு இறங்கிவிட்டது.

இன்னொன்றும் நடந்தது. அதை அவர் சாரதாமணியிடம் சொல்லவில்லை. சைலன்சர்காரியிடம் கோழிக்குஞ்சைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

பதினோரு வருடத்தில் ஒரு லோடில் இரண்டு செத்தால் அதிகம். இந்த மாதம் ஒரு லோடில் அறுபது. அடுத்ததில் நூற்றுப் பத்து. போன வாரம் இருநூறு. வெயிலைச் சொன்னார், முட்டையைச் சொன்னார், பெட்டியின் ஓட்டையைச் சொன்னார். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இன்னொரு லோடு இப்படி ஆனால் ஹேச்சரி கேட்டுக்குள்ளேயே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த இன்னொரு லோடு நாளைக் காலையில்.

நாச்சிமுத்துவுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வண்டியில் ஏதோ கோளாறு, அதை மட்டும் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து நின்றார்.

சாரதாமணி டேங்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றினாள். ஒரு கேனில் அளந்து ஒரு லிட்டர் டீசல் ஊற்றி, டியூபை அதற்குள் விட்டாள். கேனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஓட்டுங்க."

ஓட்டினார். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள். கேன் காலியாகி வண்டி நின்றபோது பதினொன்றரை கிலோமீட்டர் ஓடியிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் நாச்சிமுத்து. "எங்கியோ ஓட்டைங்க. இல்லீனா பம்பு."

கையோடு கொண்டு வந்திருந்த இன்னொரு லிட்டரை அவள் கேனில் ஊற்றினாள். பைப்பில் புகுந்த காற்றை எடுத்துவிட்டாள். பிறகு கை துடைக்க இடுப்பில் செருகியிருந்த வேஸ்ட் பனியன் துணியில் இரண்டு துண்டு கிழித்து, உருட்டி, அவருடைய இரண்டு காதிலும் அடைத்தாள்.

வண்டியைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அதே ரோடு, அதே மேடு, அதே வெயில். வந்த வழியே ஓட்டினார். உறுமல் எங்கோ பக்கத்து ஊரில் கேட்பது போல் இருந்தது. உசுப்பிவிட அந்தச் சத்தம் இல்லாததால் ஆக்சிலேட்டரில் இருந்த கால் தானாகத் தளர்ந்தது. பட்டறையைத் தாண்டியும் வண்டி போய்க்கொண்டே இருந்தது. நின்றபோது பார்த்தார். பதினாலு.

நாச்சிமுத்து தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். முதல் தடவையாக அதைப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

டியூபைப் பழையபடி டேங்கில் மாட்டிப் பட்டறைக்குத் திரும்பியதும் சாரதாமணி, பழைய சைலன்சர் எங்கே என்று கேட்டாள். மேலே இருக்கிறது என்றார்.

"மாட்டிரட்டுங்களா?"

அவர் யோசித்தார். அந்தச் சத்தத்தை விட்டுக்கொடுக்க மனசு இல்லை. கோளாறு வண்டியில் இல்லை என்றுதான் தெரிந்துவிட்டதே, காதில் துணி இருந்தால் போதுமே.

"வேண்டாமுங்க. இப்படியே ஓட்டிக்கறேன்."

சாரதாமணி கேனை எடுத்து உள்ளே வைத்தாள். பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு நாலாயிரம் குஞ்சுகளோடு ஹேச்சரியை விட்டுக் கிளம்பினார். சித்திரை வெயில் அப்போதே முதுகைச் சுட்டது. காதில் துணி இருந்தது. கால் சொன்னபடி கேட்டது. ஆனாலும் நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்தார். தார்ப்பாய் ஒழுங்காக, இறுக்கமாக இருந்தது. பிறகு எதற்கு இந்தப் பயம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

வேப்பமரம் தெரிந்ததும் நிழலில் ஓரம் கட்டினார். யாரிடமாவது ஒரு நல்ல செய்தி சொன்னால் தேவலை போலிருந்தது.

"நேத்து சாயங்காலமும் பதினாலுங்க அம்மணி," என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சாரதாமணி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னவோ கேட்டாள். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

"என்னங்க?"

மறுபடியும் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே காதைத் தொட்டுக் காட்டினார்.

அவள் வந்தாள். ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள். பிறகு ஒரு காதுத் துணியை உருவினாள். அடுத்த காதிலிருந்தும் உருவினாள்.

மரத்தில் ஒரு காக்கை கரைந்தது. டீக்கடையில் யாரோ கிளாஸ் கழுவினார்கள்.

"பின்னால என்ன லோடுங்கண்ணானு கேட்டேன்," என்றாள்.

கோழிக்குஞ்சு என்று சொல்ல வாயைத் திறந்தார் நாச்சிமுத்து. அப்படியே பின்பக்கம் காதைக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் நாலாயிரம் குஞ்சுகள் இருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

குளிர்ந்தால் குஞ்சு வீறிடும். சௌகரியமாக இருந்தால் ஒன்றோடொன்று வாயடித்துக்கொண்டே வரும். வெக்கை ஏறினால்தான் வாயைப் பிளந்து இரைக்கும், சத்தம் அடங்கிவிடும். இதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் பதினோரு வருடமும் வழியில் நிறுத்தி நிறுத்தித் தார்ப்பாயை ஏற்றி இறக்கியிருக்கிறார். தனக்கு இது தெரியும் என்பதே இந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது.

இறங்கி ஓடினார். கயிற்று முடிச்சு இறுகிப் போயிருந்தது. சாரதாமணி கத்தியால் அறுத்தாள். தார்ப்பாயை இழுத்துக் கீழே தள்ளினார்கள். உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தது போல அனல் வந்தது.

பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி நிழலில் இடைவெளி விட்டு வைத்தார்கள். டீக்கடையில் இருந்தவர்களும் வந்து கை கொடுத்தார்கள். குஞ்சுகள் இறக்கையை விரித்து, அலகைப் பிளந்து கிடந்தன. நாச்சிமுத்து பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்தார். செத்துப்போனவை ஏழு. அந்த ஏழையும் பொறுக்கித் துண்டில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

காற்று கொஞ்சம் வந்தது.

ஓரத்துப் பெட்டியில் ஒரு குஞ்சு கீச்சிட்டது. பக்கத்துப் பெட்டியில் இன்னொன்று. பிறகு அந்தப் பெட்டி முழுதும். கொஞ்ச நேரத்தில் வேப்பமரத்தடி பூராவும் அந்தச் சத்தம்தான்.

"போன மூணு லோடும்," என்று ஆரம்பித்தார். மேலே பேச முடியாமல் அழுதார்.

சாரதாமணி அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கேரியரில் ஏறிப் பழைய சைலன்சரை அவிழ்த்து இறக்கினார். அவளுடைய பெட்டியிலிருந்து தானே ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.

"கொதிச்சுக் கிடக்குதுங்கண்ணா," என்றாள் அவள். "இப்பக் கை வெச்சீங்கன்னா கொப்பளிச்சுரும்."

"ஆறட்டுங்க அம்மணி," என்றார் அவர் அடியிலிருந்து. "அது வரைக்கும் இதுங்க என்ன சொல்லுதுனு கேட்டுட்டுப் படுத்திருக்கறேன்."