கரடியின் வீங்கிய கட்டைவிரல்

மலையடிவாரக் காட்டில் சடையன் என்று ஒரு கரடி இருந்தது. அதன் பெண்சாதி காத்தாயி. ஓடைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் இரண்டும் குடியிருந்தன.

சடையனுக்கு நாக்கு ரொம்ப நீளம். மரத்தில் தேனடை, கல்லுக்கு அடியில் நண்டு, புலி தின்று மிச்சம் வைத்த ஈரல், எதையும் விடாது. இலுப்பை மரத்தடியில் உதிர்ந்து புளித்துக் கிடக்கும் பூவைக்கூட வயிறு முட்டத் தின்னும். தின்றுவிட்டுத் தள்ளாடிக்கொண்டே வீடு வந்து சேரும்.

ஒருநாள் விடியற்காலையில், "ஐயோ!" என்று அலறிக்கொண்டு எழுந்தது சடையன்.

வலது பின்னங்கால் கட்டைவிரல் புடைத்துச் சிவந்து கிடந்தது. நெருப்புத் துண்டை வைத்துக் கட்டியது போலக் கொதித்தது. காற்றில் ஒரு சருகு வந்து விரல்மேல் விழுந்தது. அந்தச் சருகின் பாரத்தைக்கூடத் தாங்க முடியவில்லை!

"என்னங்க, தேள் கொட்டிடுச்சா?" என்று காத்தாயி பதறியது.

"தேளும் இல்லை, முள்ளும் இல்லை. சத்தம் போடாதே புள்ள!"

"சத்தம் போட்டது நீங்கதானே!"

சடையன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. தூரத்தில், மூங்கில் காட்டுப் பக்கம், மெலிசாக ஒரு சீழ்க்கைச் சத்தம். அதற்குப் பதில் சொல்வது போல இன்னொரு சீழ்க்கை.

செந்நாய்கள்!

செந்நாய்க் கூட்டம் நல்ல திடமான கரடியின் வம்புக்கு வராது. கரடியின் நகம் எப்படிக் கிழிக்கும் என்று அவற்றுக்குத் தெரியும். ஆனால் நொண்டியைக் கண்டால் விடாது. போன கோடையில் ஒரு கடமான் கால் பிசகி நொண்டியது. மறுநாள் சடையன் அந்த வழியே போனபோது கொம்பு மட்டும் கிடந்தது. அந்தக் கொம்பை நினைத்ததும் சடையனுக்கு முதுகு மயிரெல்லாம் எழுந்து நின்றது.

"நான் நொண்டுறது வெளியே ஒருத்தருக்கும் தெரியக் கூடாது!" என்றது காத்தாயியிடம்.

ஆனால் தெரிந்துவிட்டது. பொழுது நன்றாக விடிவதற்குள், வரியன் என்ற கழுதைப்புலி மோப்பம் பிடித்துக்கொண்டு பாறைக்குக் கீழே வந்து நின்றது.

"என்ன சடையண்ணே, முனகல் சத்தம் ஓடை வரைக்கும் கேட்குது?"

"சுளுக்கு, தம்பி. சின்னச் சுளுக்கு."

வரியன் விரலை உற்றுப் பார்த்தது. "சுளுக்கா இது? நல்லாக் கனிஞ்ச அத்திப்பழம் மாதிரி இருக்கு! அண்ணே, காலில் வலின்னா காலைத்தான் திங்கணும். ஊரு உலகத்துக்கே தெரிஞ்ச வைத்தியம் இது! நண்டுக் கால், மான் மூட்டு, எலும்புக்குள்ளே இருக்கிற கொழுப்பு. காலுக்குக் கால்! நீங்க எழுந்திரிக்கவே வேண்டாம். நான் கொண்டுவந்து போடுறேன்."

"உனக்கு எதுக்குத் தம்பி சிரமம்?"

"என்னண்ணே, வேத்து ஆள் மாதிரிப் பேசுறீங்க!"

இவ்வளவு ருசியான மருந்து உலகத்தில் உண்டா! சடையனுக்கு வலியிலும் வாய் ஊறியது.

அன்று முதல் வரியன் தினமும் வந்தது. ஒருநாள் நண்டு, ஒருநாள் எலும்பு, ஒருநாள் ஈரல். சடையன் படுத்த இடத்திலேயே தின்றது. சில நாளில் வீக்கம் கொஞ்சம் தணிந்தது.

"பார்த்தியா புள்ள, வைத்தியத்தை!" என்று குதித்தது சடையன்.

குதித்த அன்றைக்கே மறுபடியும் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை கட்டைவிரலோடு நிற்கவில்லை. கணுக்கால் வீங்கியது. அடுத்த தடவை முழங்கால்.

"மருந்து போதலைண்ணே!" என்றது வரியன். "இன்னும் ரெண்டு பங்கு கூட்டிடுவோம்!"

சடையன் இன்னும் இரண்டு பங்கு கூட்டித் தின்றது.

ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போவதுதான் பெரிய பயம். அங்கே ஒளிய மறைவு இல்லை. அதனால் தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்துக் கிடக்கும். தொண்டை காய்ந்து தாங்காமல் போனால்தான், வலியைக் கடித்துக்கொண்டு, ஒழுங்காக நடப்பது போல நடித்துக்கொண்டு, இறங்கிப் போகும். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு ஏறிவிடும்.

அப்படிப் போன ஒருநாள், எதிர்க்கரையில் ஒரு செந்நாய் நின்றது. கூட்டத்துத் தலைவன் செவலை. அது சடையனைப் பார்க்கவில்லை. ஈர மணலில் பதிந்திருந்த பழைய காலடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றக் காலடிகள் ஆழமாக இருந்தன. வலது பின்னங்காலின் தடம் மட்டும் பதிந்தும் பதியாமலும் இருந்தது.

செவலை மெதுவாக நிமிர்ந்தது.

"என்ன சடையா, நடை மாறியிருக்கு?"

சடையன் அந்தக் காலை அவசரமாக ஊன்றிக்கொண்டது. "மணல்... மணல் வழுக்குது" என்றது.

"பார்த்துப் போ. விழுந்திடப் போற" என்றது செவலை. அவ்வளவுதான் சொன்னது. பல்லைக்கூடக் காட்டவில்லை. சடையன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது.

இந்தச் சமயத்தில் மலைமேல் பெருமழை பிடித்தது. ஓடையில் வெள்ளம் புரண்டு ஓடியது. அக்கரையில் இருந்த வரியனால் இக்கரைக்கு வர முடியவில்லை.

"போச்சு! மருந்து இல்லாமல் செத்தேன்!" என்று புலம்பியது சடையன்.

"மருந்து கிடக்கட்டும். வயித்துக்கு ஏதாவது வேணுமில்ல?" என்றது காத்தாயி. பாறையைச் சுற்றிக் கிடைத்ததைப் பறித்து வந்தது. மழைக்குத் துளிர்த்த முடக்கத்தான் கீரை, காட்டு வெள்ளரி, உதிர்ந்த நாவல் பழம். இவ்வளவுதான்.

"சீ! கசக்குது! நான் என்ன முயலா?"

"முயல் நாலு காலில் ஓடுதுங்க. நீங்க?"

சடையன் வாயை மூடிக்கொண்டு தின்றது. பாறைக் குழியில் மழைத் தண்ணீர் தளும்பிக் கிடந்தது. ஓடைக்குப் போகும் பயம் இல்லாததால் வயிறு குளிரக் குளிரக் குடித்தது. மறுபடியும் குடித்தது. படுத்துக் கிடந்தது.

வெள்ளம் வடிவதற்கு முன்னால் வீக்கம் வடிய ஆரம்பித்தது!

முழங்கால் மடங்கியது. கணுக்கால் தெரிந்தது. கட்டைவிரல் மட்டும் லேசாகக் கனன்றது. சடையன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"ஏன் புள்ள, மருந்து தின்னால் ஏறுது, தின்னாமல் இருந்தால் இறங்குதே?"

காத்தாயி திருப்பிக் கேட்டது: "அந்த வரியன் வந்ததும் முதலில் என்ன கேட்கும்?"

"கால் ஊன முடியுதான்னு கேட்கும்."

"முடியலைன்னு சொன்னால் அதன் மூஞ்சி எப்படி இருக்கும்?"

சடையன் நினைத்துப் பார்த்தது. வால் ஆடும். கண் மின்னும். ஒரு தடவை உதட்டைக்கூட நக்கிக்கொண்டது. சடையன் மெல்லத் திரும்பி மூங்கில் காட்டுப் பக்கம் பார்த்தது.

வெள்ளம் வடிந்தது. வரியன் வாயில் ஒரு ஈரலைக் கவ்விக்கொண்டு வந்துவிட்டது. காத்தாயி பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டது.

"அண்ணே! மருந்தில்லாமல் தவிச்சுப் போயிருப்பீங்களே! கால் ஊன முடியுதா?"

சடையன் படுத்தபடியே முனகியது. "எங்கே தம்பி... அசையக்கூட முடியலை."

வரியன் வால் ஆடியது. கண் மின்னியது.

"சாப்பிடுங்கண்ணே, இதோ வந்துட்டேன்!" என்று ஈரலைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறியது. மூங்கில் காட்டைப் பார்த்து வாயைத் திறந்து ஊளையிட்டது.

உடனே சீழ்க்கை கேட்டது. முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று. இடப்பக்கம் ஒன்று. புதருக்குப் புதர் சிவப்பு முதுகுகள் அசைந்தன.

"அடப்பாவி! செந்நாய் தின்னு மிச்சம் வைக்கிற எலும்புக்காகவா என்னைக் கொழுக்க வச்சே!" என்று சடையன் கத்தியது.

வரியன் இளித்தது. "வேட்டையாடத் தெரியாத நானும் பிழைக்கணுமில்லண்ணே!"

"ஏங்க அசைய முடியலைன்னு சொன்னீங்க? இப்போ என்ன செய்யறது?" என்று கேட்டது காத்தாயி.

"வரியனைப் பரீட்சை பார்த்தேன் புள்ள... இவ்வளவு சீக்கிரம் வருவாங்கன்னு நினைக்கலை!"

செவலை முன்னால் வந்தது. கூட்டம் வட்டத்தைச் சுருக்கியது. ஓட வழியில்லை. எழுந்து நின்றாக வேண்டும். அந்தக் கால் தாங்குமா? தாங்காமல் மடிந்தால் இரண்டு பேர் கதையும் அன்றோடு முடிந்தது. சடையன் காலை ஊன்றியது. கட்டைவிரலில் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தியது.

கால் தாங்கியது!

இரண்டு பின்னங்காலிலும் நிமிர்ந்து நின்று, நகத்தை விரித்து, காடு அதிர ஒரு உறுமல் உறுமியது சடையன். காத்தாயியும் பாய்ந்து வந்து பக்கத்தில் நிமிர்ந்தது.

செவலை சட்டென்று நின்றது. அந்தக் காலையே பார்த்தது. பிறகு மேட்டைத் திரும்பிப் பார்த்தது.

"நொண்டின்னு சொன்னியே வரியா?"

"நொண்டிதான்! மழைக்கு முன்னாலே நொண்டிதான்!"

"பசியோட இருக்கிற கூட்டத்தைப் பொய் சொல்லிக் கூட்டி வந்திருக்கே!"

வரியன் மேட்டிலிருந்து குதித்து ஓடியது. செந்நாய்கள் கரடிகளை விட்டுத் திரும்பின. சீழ்க்கைச் சத்தம் மூங்கில் காட்டுக்குள் தூரமாகப் போனது. பிறகு ஒரு கதறல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சடையன் அப்படியே உட்கார்ந்துவிட்டது. காலடியில் அந்த ஈரல் கிடந்தது. அப்போதும் வாசனை ஆளைத் தூக்கியது! பாழாய்ப்போன வாய் ஊறியது. கண்ணை மூடிக்கொண்டு அதை ஓடையில் தள்ளிவிட்டது.

அதற்குப் பிறகும் எப்போதாவது ஒரு விடியற்காலையில் கட்டைவிரல் லேசாகக் கனலும். அன்றெல்லாம் சடையன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, கீரையும் வெள்ளரியும் தின்று, மூங்கில் காட்டுப் பக்கமே காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கும்.

நாக்குக்குப் பிடித்ததையெல்லாம் மருந்து என்று நம்பித் தின்கிறவன் நோயையும் வளர்ப்பான், அந்த நோய்க்காகக் காத்திருக்கும் பகைவனையும் வளர்ப்பான்.