இடம் மாறிய படகு

நிலா வெளிச்சத்தில் கொந்தளிக்கும் கடல், தூரத்தில் ஒரு படகு, கரையில் காத்து நிற்கும் பெண். ஓவியர் அருளானந்தம் வாழ்நாள் முழுக்க இதைத்தான் வரைந்தார். அவர் போனபிறகு ஊர் ஊராக அதை நகலெடுத்தார்கள்.

அசல் எது, நகல் எது என்று சொல்ல அருங்காட்சியகத்து ஃபிலோமினாவை விட்டால் ஆளில்லை. ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற துரைக்கண்ணு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான அவளிடம் மாணவராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"டீச்சர், ஒரே ஒரு அடையாளம் சொல்லுங்களேன்," என்று ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டார்.

அவள் ஒரு படத்தின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். வண்ணத்துக்கு அடியில் இன்னொரு படகு மேடாகத் தெரிந்தது. மேலே இருந்த படகு ஒரு சாண் தள்ளி மிதந்தது.

"முதலில் இங்கே வரைந்திருக்கிறார். மனசு ஒப்பவில்லை, மாற்றிவிட்டார். நகலெடுப்பவனுக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது சார். படகு எங்கே என்று அவனுக்கு முன்னாலேயே தெரியும்."

துரைக்கண்ணு மறுநாளே புது டார்ச் வாங்கினார். போகிற இடமெல்லாம் அதோடுதான் போனார்.

மழைக்காலம் முடிந்ததும் அசலா நகலா என்று பார்த்துச் சொல்ல ஒரு படம் வந்தது.

"இதை நீங்களே பார்த்து அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்," என்றாள் ஃபிலோமினா.

அவருடைய முதல் கையெழுத்து. டார்ச்சைச் சாய்த்தார். அடியில் ஒரு படகு!

"அசல்தான் டீச்சர், சந்தேகமே இல்லை." பேனாவைத் திறந்தார்.

அவள் காகிதத்தின் மேல் கையை வைத்தாள்.

"இது நான் வரைந்தது. இருபத்திரண்டு வயதில்."

துரைக்கண்ணு அவளையே பார்த்தார்.

"அந்தத் தடுமாற்றத்தையுமா நகலெடுத்தீர்கள்?"

"அதுதான் ரொம்பச் சுலபமாக இருந்தது."

"வெளியே தெரிந்தால் உங்கள் பெயர் கெட்டுப்போகுமே?"

"தெரியட்டும். வரைந்தது யார் என்று அறிக்கையில் எழுதுங்கள்."

அவர் எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:

"அப்படியானால் நான் எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது?"

ஃபிலோமினா எழுந்துபோய் அந்தப் படத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இதில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது சார்?"

அடியில் இருந்த படகைத் தவிர அந்தப் படத்தில் துரைக்கண்ணு எதையும் பார்த்திருக்கவில்லை. டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு, படத்தைத் திருப்பப் போனார்.