தண்டு எடுத்த கைக்குத் தண்டம்

முன்னொரு காலத்தில், மூன்று வருடமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு நாட்டில், ஒரு சமையற்காரியின் வலக்கையை வெட்டும் நிலை வந்தது. வரவழைத்த புண்ணியவான் நான்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்த நுணல் என்னைவிடத் தேவலை. அதன் வாயால் அது மட்டும்தானே கெட்டது.

நான் அந்த அரசவையின் கோணங்கி. அரசரைச் சிரிக்க வைப்பது என் தொழில். ஏரி வெடித்துக் கிடந்தது, மாடுகள் எலும்பாக நின்றன, அரசர் நான்கு மாதமாகச் சிரிக்கவில்லை. ஒருநாள் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினேன். "இடுப்பில் அடிபட்டுவிட்டதா?" என்று அக்கறையாக விசாரித்தார். சிரிக்காத அரசரிடம் கோணங்கிக்கு என்ன வேலை? இன்றைக்கோ நாளைக்கோ என்னை அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பஞ்சத்திலும் பச்சையாக நின்றது ஒரே ஒரு பாத்திதான். அரசர் நீராடிய தண்ணீர் ஓடும் வாய்க்காலோரம், மேற்குக் கடல் வணிகர்கள் கொடுத்த விதையில் முளைத்த கீரை. இலை விசிறி அகலம். தண்டோ சிவப்பும் மஞ்சளுமாக, சாயத்தொட்டியில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். அதனால் சாயக்கீரை என்று பெயர் வந்தது. ஆறு மாதமாக அரசருக்குத் தினமும் அதன் இலையில் மசியல்.

ஒரு நாள் உண்டு முடித்துச் சபைக்கு வந்த அரசர், "கீரைக்குக்கூட ருசி போய்விட்டது" என்று பெருமூச்சு விட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "போகவில்லை, அரசே. இலை தங்களிடம் வருகிறது. ருசி பின்வாசலுக்குப் போகிறது."

சிரிப்பார் என்று பார்த்தேன். சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. மடைப்பள்ளி அதிகாரி பூதலிங்கர் மட்டும் மெல்லத் தலையைத் திருப்பினார். அரசரின் காலடிப் படியில் நான் உட்காருவது அவருக்கு வெகுநாளாகக் கண்ணில் விழுந்த தூசி. தம் மைத்துனரை மடைப்பள்ளித் தலைமைக்குக் கொண்டுவர முடியாதது இன்னொரு தூசி.

"ருசி பின்வாசலுக்குப் போகிறது என்றால் என்ன பொருள், கோணங்கியாரே?" என்று தேன் குழைத்துக் கேட்டார்.

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடத் தெரிந்திருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருப்பேனே. சமாளிக்கப் பார்த்து உளறி, உளறியதைச் சமாளிக்கப் போய் முழுவதையும் கொட்டினேன். இலையைக் கிள்ளியபின் மிஞ்சும் தண்டுகளைத் தலைமைச் சமையற்காரி ஆவுடையாள் வீணாக்குவதில்லை. துவையல் அரைப்பாள், சாறு வைப்பாள். பின்வாசலில் தண்ணீர் சுமப்பவர்களும் புல் வெட்டுபவர்களுமாக நாற்பது பேர் சட்டியோடு வந்து நிற்பார்கள். பலருக்கு அந்த நாளில் அதுதான் சாப்பாடு. நாற்பத்தொன்றாவது சட்டி என்னுடையது.

ஆவுடையாளை அழைத்து வந்தார்கள். கையில் புளி ஒட்டியிருந்தது.

"எடுத்தாயா?" என்றார் அரசர்.

"எடுத்தேன் மகாராசா. குப்பைக்குப் போறது வயித்துக்குப் போகட்டும்னு எடுத்தேன்."

பூதலிங்கர் எழுந்தார். "அரசே, அரசர் கீரையைப் பிறருக்காக எடுத்த கைக்குத் தண்டம் என்பது தங்கள் பாட்டனார் காலத்துக் கட்டளை. தண்டம் என்றால் கையை வாங்குவது. எனினும் இந்தக் கோணங்கி ருசி என்று ஏதோ சொன்னான். மூன்று நாள் தவணை கொடுப்போம். அவள் கை படாமல் அதே துவையலையும் சாற்றையும் இவனே செய்து கொண்டுவரட்டும்."

அரசருக்கு அதில் ஏதோ வேடிக்கை தெரிந்தது போலும். "அப்படியே ஆகட்டும்" என்றார்.

சபை கலைந்தபோது பூதலிங்கர் என் தோளில் கை போட்டார். "நன்றாகச் சமையும், கோணங்கியாரே. ருசியாக வந்தால், ருசி அவள் கையில் இல்லை என்றாகும். அந்தக் கை போனால் யாருக்கு நட்டம்? ருசி இல்லாவிட்டால், நீர் அரசரிடம் பொய் சொன்னவர். கையோடு உம் நாக்கும் போகும்."

இவ்வளவு தெளிவாகப் பேசிய மனிதரிடம், "கட்டாயம் வெட்டிவிடுவீர்களா?" என்று கேட்டேன். "சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்றார். மந்திரியிடம் ஓடினேன். "எல்லாம் காலத்தின் கையில்" என்றார். காலத்துக்குக் கை இருந்து என்ன பயன், அதைக் கொண்டு துவையல் அரைக்க முடியுமா? அரசரிடமே போய் விழுந்தேன். "பார்க்கலாம்" என்றார். காவற்காரனிடம் கேட்டேன். "மேல கேளுங்க சாமி" என்றான். மேலே பார்த்தேன். அங்கே மூன்று வருடமாக ஒரு மேகமும் இல்லை.

ஆவுடையாளைச் சிறையில் வைத்திருந்தார்கள். நான் தண்டுக் கட்டோடு போய்க் கம்பிக்கு வெளியே உட்கார்ந்தேன்.

"அக்கா, என் மேல கோபமா?"

"நாரை உரிச்சீரா?"

"எந்த நாரை?"

"தண்டு முதுகுல ஓடுற நாரை. நுனியில ஒடிச்சு இழுத்தா வாழைநார் மாதிரி வரும். உரிக்காம வதக்கினீருன்னா தின்னுறவன் பல்லுல கயிறு திரிக்கலாம்."

"உரிக்கிறேன். கோபமான்னு கேட்டேனே, அக்கா."

"விரல் அகலத்துக்கு நறுக்கும். நல்லெண்ணெயில உளுந்தும் வத்தலும் வறுத்து எடுத்துட்டு, அதே சட்டியில தண்டைப் போட்டுச் சுண்ட வதக்கும். தண்ணி விட்டுரும், பயப்படாதீரும். வத்தினப்புறம் புளி, உப்பு வெச்சு அம்மியில அரையும். கடைசியாத்தான் உளுந்து. முதல்லயே போட்டா மாவாப் போயிரும்."

பின்வாசல் அடுப்பில் அன்று நான் சமைத்ததைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பாதி நாரை உரித்தேன். மீதி நார் என்னை உரித்தது. சாற்றில் மண்வாடை வீசியது. வழக்கம்போல் நாற்பது பேரும் சட்டியோடு வந்தார்கள். ஆவுடையாள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். யாரால் இல்லை என்பதும் தெரியும். ஆனாலும் வரிசையாக நின்று வாங்கிக் குடித்தார்கள். ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. நல்லதோர் ஏச்சுக்காகக் காத்திருந்தேன். தண்ணீர் சுமக்கும் முத்திருளாயி மட்டும் சட்டியை வழித்துவிட்டுச் சொன்னாள்: "சூடா இருந்துச்சு."

பசித்தவர்கள் குறை சொல்லாமல் உண்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. என் வேடிக்கைப் பேச்சுகளைக் கேட்டுவிட்டுச் சபையும் இப்படித்தான் இத்தனை நாள் சும்மா இருந்திருக்க வேண்டும்.

மறுநாளும் போனேன். "சாறு மண் வாடை அடிக்குது, அக்கா."

"அந்தக் கீரைக்கு அது பிறவிக் குணம். தண்டை வேகவெச்ச முதல் தண்ணியைக் கொட்டிரும். அப்புறம் மத்தால கடைஞ்சு, வடிகட்டி, மிளகும் சீரகமும் தட்டிப் போடும். ரெண்டு பல் பூண்டு."

"தண்ணியைக் கொட்டச் சொல்றீங்களே, இந்தப் பஞ்சத்துல?"

"அதைப் புல் வெட்டுறவங்க ஆட்டுக்குக் கொண்டு போவாங்க. நீரு கொட்டுறது மட்டும்தான் உம்ம வேலை."

"அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க. என் மேல கோபமா?"

அவள் தன் வலக்கையை மடியில் வைத்து இடக்கையால் விரல் விரலாக நீவிக்கொண்டிருந்தாள். "அம்மியைக் கழுவிக் கவுத்தி வையும்" என்றாள்.

அன்றும் சமையல் தேறவில்லை. தேறாமல் போனதில் ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சிகூட வந்தது. ருசியாக வந்துவிட்டால் அவள் கைக்கு மதிப்பில்லையே. அடுத்த கணம், ருசி இல்லாவிட்டாலும் அதே கைதான் போகும் என்பது நினைவுக்கு வந்தது. அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கோணங்கி அழுவதைப் பார்த்து ஒரு புல்வெட்டி சிரித்தான். நான்கு மாதத்தில் நான் சிரிக்க வைத்த முதல் ஆள்.

மூன்றாம் நாள் காலை, தண்டு வாங்க நானே மடைப்பள்ளி முன்வாசலுக்குப் போய் நின்றேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வரும் எந்தப் பொருளையும் அதிகாரி தம் வாயால் மூன்று முறை உரக்கக் கூவி, இன்னது இன்னாருக்கு என்று அறிவிக்க வேண்டும். கூவியபின் அதை அரசரும் மாற்ற முடியாது. அரச வாக்குக்குச் சமம். பூதலிங்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினார். நான் கேட்டேன். இரண்டாம் முறை கூவினார். மூன்றாம் முறை கூவும்போது என் கையிலிருந்த கூடை கீழே விழுந்தது.

நண்பகலில் சபை கூடியது. ஆவுடையாளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வெட்டுக்கட்டையும் வந்திருந்தது, அதன்மேல் யாரோ ஒரு சிவப்புத் துணி விரித்திருந்தார்கள், விருந்துக்கு விரிப்பது போல. நான் துவையலையும் சாற்றையும் அரசர் முன் வைத்தேன். அரசர் துவையலை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். சாற்றை ஒரு வாய் குடித்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

"இதுவா ருசி?"

"இல்லை, அரசே. இது நான் செய்தது. ருசி அதோ நிற்கிறது, கட்டையின் பக்கத்தில்."

"அப்படியானால் இவன் சொன்னதை இவனால் மெய்ப்பிக்க முடியவில்லை" என்றார் பூதலிங்கர். "தண்டத்தை நிறைவேற்ற உத்தரவு வேண்டும்."

"ஒரே ஒரு ஐயம், அதிகாரியாரே" என்றேன். "கட்டளையை மீண்டும் ஒருமுறை சொல்ல வேண்டும்."

"அரசர் கீரையைப் பிறருக்காக எடுத்த கைக்குத் தண்டம்."

"ஒரு முறையா, பல முறையா?"

"ஒரு குற்றத்துக்கு ஒரு தண்டம். இது என்ன கேள்வி?"

"தண்டம் கொடுக்க வேண்டியவர் யார்?"

"மடைப்பள்ளி அதிகாரி. அதாவது நான்."

நான் அரசரை நோக்கிக் கும்பிட்டேன். "அரசே, அப்படியானால் கட்டளை நிறைவேறிவிட்டது. இவள் கைக்கு அதிகாரியார் ஆறு மாதமாகத் தினமும் தண்டம் கொடுத்துவருகிறார். இன்று காலை மடைப்பள்ளி வாசலில் அவர் கூவியது என்ன என்று வாயிற்காவலரைக் கேட்டருள வேண்டும்."

வாயிற்காவலர் முன்வந்தார். கேட்டதைக் கேட்டபடி சொல்லும் மனிதர். "'இலை அரசர்க்கு, தண்டு தண்டம்' என்று கூவினார், அரசே. தினமும் அப்படித்தான் கூவுவார்."

"அந்தத் தண்டத்தைத்தான், அரசே, இவள் இந்தக் கையால் வாங்கினாள். ஒரு குற்றத்துக்கு ஆறு மாதம் தண்டம் வாங்கிய கை. இன்னும் ஒன்று கொடுத்தால் அதைப் பிடிக்கக் கை கொள்ளாது."

பூதலிங்கருக்கு வியர்த்தது. "அரசே, இது சொல்லைத் திரிப்பது. வாசலில் கூவிய தண்டம் வீண் என்ற பொருளில். கட்டளையில் உள்ள தண்டம் தண்டனை. அது வேறு, இது வேறு."

"வேறுதானா?" என்றேன். "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். தண்டு வீண் என்று தாங்கள் மூன்று முறை கூவியிருந்தால், அது அரசர் கீரை அல்ல. அரசர் வீணானதையா உண்கிறார்? அரசர் கீரை அல்லாததை எடுத்தால் குற்றமே இல்லை. இரண்டும் ஒன்று என்றால் தண்டம் கொடுத்து முடிந்தது. எந்தத் தண்டம் வேண்டும் என்று தாங்களே எடுத்துக்கொள்ளலாம்."

பூதலிங்கர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். வறண்ட ஏரியில் கடைசியாகக் கிடந்த கெளுத்தி மீனும் அப்படித்தான் செய்தது.

அரசரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர்க் குவளையோடு ஓடினார்கள். இருமல் இல்லை. நான்கு மாதம் பூட்டிக் கிடந்த சிரிப்பு துருப்பிடித்த கதவாகக் கிறீச்சிட்டுத் திறந்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு துடைப்பது மட்டும் கொஞ்ச நேரம் நீடித்தது. நாட்டில் வேறு எங்கும் இல்லாத தண்ணீர் அவர் கண்ணில் இருந்தது.

கட்டையை எடுத்துப் போகச் சொன்னார். தண்டு இனி பின்வாசலுக்கு என்று பூதலிங்கரே மூன்று முறை கூவ வேண்டும் என்றார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார். "அந்தப் பாத்தி எத்தனை நாளைக்கு வரும்?" என்று மெல்லக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

பட்டோடு பின்வாசலுக்குப் போனேன். ஆவுடையாள் அதற்குள் அடுப்பு மூட்டியிருந்தாள். நாற்பது சட்டிகளும் காத்திருந்தன. அவள் தண்டின் நுனியை ஒடித்து நாரை இழுத்தாள்; முழு நீளத்துக்கு ஒரே இழுப்பில் வந்தது. எனக்கு அது கடைசி வரை வரவேயில்லை. அடுப்பிலிருந்து எழுந்த மணத்தில் ஒரு துளி மண்வாடையும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டும், "எனக்கு அடியில உள்ளதைப் போடு", "நேத்து மாதிரி ஊத்திராத" என்றும் குறை சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

எல்லோரும் வாங்கிப் போகும்வரை நின்றேன். பிறகு அம்மியருகே போய்க் குந்தினேன்.

"அக்கா, இனி நார், புளின்னு பேச்சை மாத்தாதீங்க. என் மேல கோபமா, இல்லையா?"

அவள் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். மூன்று நாளில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"கோபம்தான். ஒரு சிரிப்புக்காக இந்தக் கையைத் தூக்கிக் கொடுத்தீரு. நீரே திரும்ப வாங்கியும் தந்தீரு, இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தக் கட்டைக்குப் பக்கத்துல நான் நின்னது நின்னதுதான். இன்னும் கோபம்தான் இருக்கு."